கார் பார்க்க முன் இன்சூரன்ஸ் பாருங்கள்

லண்டன் ஹரோவில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு இந்த வருடம் 17 வயது. இங்கிலாந்தில் கார் ஓட்டப் பழகச் சட்டம் இடம் தரும் வயது. சனிக்கிழமைகளில் கடையில் நின்று உழைத்த காசோடு வீட்டாரும் போட்டதில் 4,000 பவுண் சேர்ந்திருந்தது. இணையத்தில் ஒரு சிவப்பு ஃபியட் 500ஐப் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு இன்சூரன்ஸ் விலை கேட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். "காரைவிட இன்சூரன்ஸ் கூட வருது மாமா. இதென்ன நியாயம்?"

பழைய கார் என்றால் இன்சூரன்ஸும் மலிவு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் கம்பனி பயப்படுவது அந்தக் கார் நொறுங்குவதற்கல்ல. அது இன்னொருவரைக் காயப்படுத்தினால் கொடுக்கவேண்டிய நட்டஈட்டுக்குப் பிரித்தானியச் சட்டத்தில் மேல்வரம்பே இல்லை. அடிபட்டவர் ஆயுள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தால் அந்தப் பராமரிப்புச் செலவும் கம்பனியின் தலையில். அனுபவமில்லாத பிள்ளைக்கு விலை ஏறுவது இதனால்தான். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் குறையும் என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். இந்த வயதில் முழுக் காப்புறுதியே சில வேளை மலிவாக வரும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பெண்பிள்ளைக்குக் குறைவு என்பதும் பழைய கதை. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் பார்த்து விலை வைக்க முடியாது. பிரெக்சிட்டுக்குப் பிறகும் அது மாறவில்லை.

நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்த நாளுக்கு விலை கேட்டாய்?"

பழகும் காலத்தில் பக்கத்தில் 21 வயது கடந்த, 3 வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்தத் துணை இருப்பதால் பழகுநருக்கான இன்சூரன்ஸ் பெரும்பாலும் மலிவு. டெஸ்ட் பாஸ் பண்ணியதும் அந்தத் துணை போய்விடுகிறது, விலை பாய்கிறது. எத்தனையோ குடும்பங்கள் பழகுநர் விலையைப் பார்த்துக் காரை வாங்கிவிட்டு, பாஸ் பண்ணிய பிறகு அந்தக் காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே எந்தக் காருக்கும் இரண்டு விலை கேளுங்கள். இன்றைய எல் பிளேட்டுக்கு ஒன்று, பாஸ் பண்ணிய மறுநாளுக்கு ஒன்று. இரண்டாவதைக் கட்ட முடியுமென்றால் மட்டும் காரைப் போய்ப் பாருங்கள்.

பழைய கார்களை இங்கே 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். திருத்தச் செலவு, உதிரிப்பாக விலை, எஞ்சின் வலு, திருட்டுப் பாதுகாப்பு எல்லாம் பார்த்துத் தரும் எண் அது. 1 மிகக் குறைவு. ஒரே மாடலிலேயே எஞ்சினும் ரகமும் மாறினால் குழுவும் மாறும் என்பதால், கார்ப் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் நம்பர் பிளேட்டைக் கொடுத்தே விலை கேட்கவேண்டும்.

இந்த இடத்தில் அக்கா குறுக்கிட்டாள். "அத்தான்ர பேரில போடுவம். அவளைக் கீழ ஒரு பேராச் சேர்த்தா மலிவுதானே?"

இதை நான் எத்தனையோ தமிழ் வீடுகளில் கேட்டிருக்கிறேன். பிள்ளைமேல் உள்ள அன்பில் சொல்வது. ஆனால் நாளும் ஓட்டப்போவது மகள், தாளில் முதன்மை ஓட்டுநர் தகப்பன் என்றால் அது மோசடி. 'ஃப்ரண்டிங்' என்று கம்பனிகள் அதைத் தேடிப் பிடிக்கின்றன. விபத்து நடந்த பிறகு பிடிபட்டால் நம் காருக்கு ஒரு சதமும் வராது. அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை நம்மிடமே திருப்பிக் கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக முடிந்தால் 300 பவுண் தண்டம், 6 புள்ளிகள். பாஸ் பண்ணி 2 வருடத்துக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால், 1995ஆம் ஆண்டுப் புதிய ஓட்டுநர் சட்டத்தின்படி லைசென்ஸ் பறிபோய் மறுபடி எல் பிளேட்டிலிருந்து தொடங்கவேண்டும். தகப்பன் எழுதிய பொய்க்கு அந்தப் பிள்ளை கொடுக்கும் விலை இது.

மறுபக்கமாகச் செய்வதில் தவறில்லை. பாலிசி மகளின் பெயரில்; உண்மையாகவே அந்தக் காரை இடையிடையே ஓட்டும் தாயின் பெயர் கூடுதல் ஓட்டுநராக. நாங்கள் அப்படித்தான் கேட்டோம். விலை இறங்கியது.

அடுத்தது கார். தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். 2008இல் பிரித்தானியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. 2010இல் வந்த நிசான் மைக்ரா ஒரகடத்தில் செய்தது. பதிவுப் புத்தகத்தில் ஐ10இன் சேசிஸ் எண் எம்ஏஎல் என்றும் மைக்ராவினது எம்டிஎச் என்றும் தொடங்கும். இரண்டும் சிறிய எஞ்சின், குறைந்த இன்சூரன்ஸ் குழுக்கள், எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம்.

ஐ10தான் மலிவு. நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஈரமான வளைவில் கார் வழுக்கும்போது தானாகவே தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் பிடித்து நேராக்கும் இ.எஸ்.சி. என்ற அமைப்பை, 2014 நவம்பரிலிருந்துதான் ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். முதல் தலைமுறை ஐ10 அதற்கு முந்தியது. முதல் மழைக்காலத்தில் தனியாக ஓட்டப்போகும் பிள்ளைக்கு அது இல்லாத காரை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நிறத்தில், பாட்டுப் பெட்டியில், அலாய் சக்கரத்தில் மிச்சம் பிடியுங்கள். இதில் வேண்டாம். 2015ஆம் ஆண்டு மைக்ரா 1.2 பெட்ரோல் ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

பெட்ரோல் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு வலயம். யூரோ 6 தரத்துக்குக் கீழான டீசல் காரை வெளியே எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 2006க்குப் பிந்தியவை பெரும்பாலும் தப்பும்.

காரைப் பார்க்கப் போகுமுன் அரசின் தளத்தில் நம்பர் பிளேட்டை அடித்தால் அதன் எம்.ஓ.டி. (வருடாந்தத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாக வரும். மைல் கணக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். 'கவனிக்கவும்' என்று எழுதிய குறிப்புகளை வருட வரிசையில் வாசியுங்கள். ஒரே டயர் தேய்ந்தது என்று இரண்டு வருடம் தொடர்ந்து எழுதியிருந்தால் அந்த உரிமையாளர் எண்ணெய் மாற்றவும் பின்போட்டவராகத்தான் இருப்பார். ஒரு மைக்ராவை இதற்காகவே விட்டோம். இன்னொன்றை வாங்கினோம்.

வேகத்தையும் பிரேக்கையும் பதிவுசெய்யும் கறுப்புப் பெட்டிக்கு அவள் தயங்கினாள். நான் வற்புறுத்தினேன், கவனமாக ஓட்டுபவருக்கு அது விலையைக் குறைக்கும். ஆனால் சில பாலிசிகளில் இரவு ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பின்னிரவு வேலைக்குப் போகும் பிள்ளை என்றால் அந்த வரியைத் தேடி வாசியுங்கள். விபத்தில் நாமே கட்டவேண்டிய 'எக்செஸ்' தொகையைக் கூட்டினாலும் விலை இறங்கும். அந்தப் பணம் வங்கியில் இருந்தால் மட்டும் கூட்டுங்கள்.

பழகுநர் பாலிசிகள் பல, பாஸ் பண்ணிய அந்த நிமிடமே செல்லாமல் போய்விடும். டெஸ்டுக்கு நம் காரிலேயே போனால், திரும்பும்போது அதை ஓட்ட இன்சூரன்ஸ் உள்ள ஒருவரும் கூடவே வரவேண்டும். அன்றைக்கு அக்கா லீவு போட்டிருக்கிறாள்.