செயற்கை இடுப்பு மூட்டு ஏன் தளர்கிறது?

செயற்கை இடுப்பு மூட்டு உடைவது அரிது. அதைத் தாங்கிப் பிடிக்கும் எலும்பு கரைவதாலேயே அது பெரும்பாலும் தளர்கிறது. தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு, அதன் உச்சியில் பந்து, இடுப்பெலும்பில் பதித்த கிண்ணம், கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன் உறை ஆகியவை வழக்கமான அமைப்பு. இவை எலும்பு சிமெண்டால் பொருத்தப்படும். அல்லது சொரசொரப்பான உலோகப் பரப்பின் மேல் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும். நடமாட்டமுள்ள ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் முறை அந்த மூட்டின் மேல் காலூன்றுகிறார். ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை அதில் இறங்குகிறது.

இந்தச் சுமையோடு பந்து உரசுவதால் கிண்ணம் தேய்கிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோக, 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். தேய்மானம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. உதிரும் துகள்களில் பல ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அவற்றை விழுங்கும் மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்பு செல்களால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல்கள் வெளியிடும் வேதிச் சமிக்ஞைகள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன. ஒருகாலத்தில் இந்தக் கேடு சிமெண்டால் வருவதாகக் கருதப்பட்டது. சிமெண்டே இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்ததைப் பார்த்த பிறகே, துகள்களின் பங்கு தெளிவானது.

பாலிஎத்திலீனின் ஆயுளில் காமா கதிருக்கு இரட்டைப் பங்கு உண்டு. மும்பையில் அணுசக்தி நகரை அடுத்த டிராம்பேயில், 1974 முதல் ஐசோமெட் நிலையம் கோபால்ட்-60 கதிர்களால் மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கி வருகிறது. பொதியுறையைப் பிரிக்காமலே உள்ளிருக்கும் கிருமிகளைக் கொல்வது இம்முறையின் சிறப்பு. இதற்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே. செயற்கை மூட்டின் பாகங்களும் இப்படிக் கிருமி நீக்கப்படுவதுண்டு. ஆனால் பாலிஎத்திலீனில் இக்கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து, வினைபுரியத் துடிக்கும் தனி உறுப்புகளை விட்டுச்செல்கிறது. பொதியுறைக்குள் காற்று இருந்தால், அலமாரியில் கிடக்கும்போதே அவை ஆக்சிஜனுடன் சேர்ந்து பொருளை நொறுங்கவைக்கும். உலகெங்கும் இந்தக் குறை தெரியவந்ததும், 1990களில் ஆக்சிஜன் நீக்கிய பொதியுறைகள் வந்தன. அதே கதிரை 50 முதல் 100 கிலோகிரே வரை செலுத்திப் பின் சூடாக்கினால், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. இவ்வகைக் கிண்ணங்கள் 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தன.

பிளாஸ்டிக்கையே தவிர்த்து, உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளும் வந்தன. அவற்றிலிருந்து கோபால்ட், குரோமியம் கசிந்து, சுற்றியுள்ள திசுவும் எலும்பும் அழிந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் இவ்வகையைச் சேர்ந்த தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அப்போது சுமார் 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. இந்தியாவில் ஏறக்குறைய 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. அந்த நோயாளிகளில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2018இல் மத்திய அரசு 30 லட்சம் முதல் சுமார் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்கான கணக்கீட்டை வகுத்தது.

துகள் மட்டுமே காரணமன்று. தொடக்க மாதங்களில் தண்டு 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்கிறது, பிடிப்பு கிட்டாது. கிண்ணம் சாய்ந்து பொருந்தினால் விளிம்பிலேயே சுமை விழுந்து தேய்மானம் கூடும். நோய்த்தொற்றும் மூட்டைத் தளர்த்தும். ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலை சிதைந்து, இளவயதிலேயே மாற்று மூட்டு பெறுவோருக்கு அதை நெடுங்காலம் பயன்படுத்த வேண்டியிருப்பதால், மறு அறுவைக்கான வாய்ப்பு அதிகம்.

கிண்ணம் தளர்ந்தால் கவட்டையிலும், தண்டு தளர்ந்தால் தொடையிலும் வலிக்கும். உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் அது கூடுதலாகத் தெரியும். ஆனால் எலும்பு கரையும் காலத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. வலி தோன்றும்போது மறு அறுவைக்குத் தேவையான எலும்பு குறைந்திருக்கலாம். எனவே வலி இல்லாதவர்களும் மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். பொருத்திய மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டை நோயாளியே பத்திரப்படுத்துவது அவசியம். குறைபாடு தெரியவரும் நாளில், யாருக்கு எந்த மூட்டு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பத்தில் ஏறக்குறைய ஆறு செயற்கை இடுப்பு மூட்டுகள் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. எஞ்சியவற்றின் தளர்வை முன்கூட்டியே கண்டால், மறு அறுவைக்கு வேண்டிய எலும்பையாவது காப்பாற்றலாம்.