எஞ்சின் மாறிய லேண்ட்ரோவருக்கு எதைப் பார்த்து விலை சொல்வது?

பழைய லேண்ட்ரோவர் வாங்கப் போகிறவர் போனட்டைத் திறந்ததும் முதலில் கேட்பது, "ஒரிஜினல் எஞ்சினா?" என்பதுதான். லிந்துலை, நானுஓயா, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் விலைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் இல்லை என்பதே பதில். அதைக் கேட்டதும் விலையை இறக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சின் மாறியதற்காக ஒரு சதமும் குறைக்கத் தேவையில்லை. அதனோடு சேர்ந்து மாறியிருக்க வேண்டியவை மாறாமல் கிடந்தால் தாராளமாகக் குறைக்கலாம். வேண்டாமென்று திரும்பியும் வரலாம்.

ஏன் மாற்றினார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி விளங்கும். 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட்ரோவர், போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவைத் தகட்டில் உடல் கட்டப்பட்ட வண்டி. துரைமார் காலத்தில் தோட்டங்களுக்கு வந்த அந்த உடல் மலைநாட்டு மழையிலும் பனியிலும் உக்கிப்போகவில்லை. ஆனால் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் எரிபொருள் குடிப்பதில் பேர்போனது. டிவிஷனுக்கு டிவிஷன் உரமூட்டையும் மரக்கறியும் ஏற்றி இறக்கும் வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ஜப்பான் டீசல் எஞ்சின்கள், டொயோட்டாவோ இசுசுவோ நிசானோ, இந்த இடத்தை நிரப்பின. டார்ஜிலிங் தேயிலை மலையிலும் இதே கதைதான். மானேபஞ்சாங்கிலிருந்து 3636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் ஐம்பதுகளின் லேண்ட்ரோவர்கள் பலவற்றுக்குள் மகிந்திரா டீசல் எஞ்சின்தான் இருந்தது. மாற்றாமல் வைத்திருந்தால் அந்த வண்டிகள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பழமை கெட்டுவிடுகிறதே என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அவர்கள் வாங்குவது வேறு பொருள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் சீரிஸ் ஒன்று வண்டிக்கு அதற்குரிய விலை உண்டு. கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். வேலைக்கு வாங்குபவர் அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் நல்ல வண்டியைக் கைவிட்டு, ஒரிஜினல் எஞ்சினோடு சேஸி உக்கிய வண்டியைக் கட்டிக்கொண்டு வருவார். உடல்தான் அலுமினியம், சேஸி இரும்பு. அந்தப் பெட்டிச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்; வெளியே பூசிய தார் அதை மறைக்கும். சின்னச் சுத்தியலால் பின் குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மொத்தென்று அமுங்கும்.

அடுத்தது பொருத்திய விதம். வேறொரு கம்பனி எஞ்சினையும் லேண்ட்ரோவர் கியர்பொக்ஸையும் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து போடுவார்கள். அது மயிரிழை கோணினாலும் கிளச்சும் பெயரிங்கும் அடிக்கடி போகும். எஞ்சின் தாங்கிகளைச் சேஸியில் ஒட்டுவைத்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, முன் அச்சு மேலே எழும்பும்போது எண்ணெய்த் தொட்டியில் இடிக்குமா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். டர்போ இல்லாத 2.5, 2.8 லீற்றர் டீசல்கள் பழைய எஞ்சினின் முறுக்கு விசையை ஒட்டியே தருவதால் பின் அச்சு தாங்கிக்கொள்ளும். டர்போ வைத்தால் மேட்டில் இழுவை இனிக்கும், ஹாஃப் ஷாஃப்ட் முறியும். எல்லாவற்றிலும் பெரியது பிரேக். சீரிஸ் வண்டிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சர்வோ உள்ள வண்டியில் பெற்றோல் எஞ்சின் தானே வெற்றிடத்தை உண்டாக்கிக் கொடுக்கும். டீசல் எஞ்சினுக்குத் தனிப் பம்ப் வேண்டும். பம்பை விட்டுவிட்டால் அல்லது குழாய் கசிந்தால், சுமையோடு இறங்கும்போது பெடல் கல்லாக இறுகிவிடும். 2023 ஜனவரியில் ஏழு உயிர்களைப் பறித்த ரதல்ல குறுக்கு வீதி நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே மோதியது பஸ், லேண்ட்ரோவர் அல்ல. ஆனாலும் நம் சரிவுகள் பிரேக்கிடம் என்ன கேட்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியாகப் புத்தகம். வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் இருக்கும். உள்ளே டீசல், புத்தகத்தில் பெற்றோல் என்று இருபது வருடம் ஓடிய வண்டிகள் உண்டு. "பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்பார் விற்பவர். இதுவரை ஓடியதே என்பதும் அவர் வாதம். இலேசாகத் தள்ள முடியாத வாதம்தான். ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தை மாற்ற, அந்த எஞ்சின் எங்கே வாங்கப்பட்டது என்ற பத்திரம் தேவை. பத்திரம் தொலைந்திருந்தால், கராஜ் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைச் செய்து தர முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் அதே இடத்தில் சிக்கும். இவ்வளவு சிக்கலுக்குப் புது வண்டியே வாங்கலாமே என்பவருக்கும் ஒரு வார்த்தை: 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்தாலும், வரியோடு வரும் விலை தோட்டத்துச் சிறு வியாபாரிக்கு எட்டுவதில்லை.

ஆகவே போனட்டுக்கு முன்னால் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எஞ்சினில் கொத்திய இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் முற்பணம் கொடுக்காதீர்கள்.