பக்க ஓரத்தில் இடம் பெறாத உரை

வெனிசு நகரில் 1520 முதல் 1523 வரை தானியேல் போம்பெர்க்கு அச்சிட்ட பதிப்பே, தால்முது என்னும் யூதச் சட்டப் பெருநூலின் முதல் முழுப்பதிப்பு. நடுவில் மூலம், தைப்பு ஓரத்தில் இராசி என்னும் உரையாசிரியரின் உரை, வெளியோரத்தில் தோசபோத்து எனப்படும் பிற்கால ஆசிரியர்களின் தருக்கக் குறிப்புகள் என்று அதன் பக்கம் அமைந்தது. சோன்சினோ குடும்பத்தார் 1484 முதல் தனித்தனிப் பகுதிகளை அச்சிட்டபோதே உருவான இவ்வமைப்புக்குப் போம்பெர்க்கு நிலைபேறு தந்தார். அவர் வகுத்த தாளெண்கள் இன்றும் மாறவில்லை. இத்தனைக்கும் அவர் யூதரல்லர். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த கிறித்தவ வணிகர்.

அந்தப் பக்கத்தில் உரைக்கென இருந்த ஓரங்கள் இரண்டே. அவற்றில் இடம்பெற்ற உரைகள் நாள்தோறும் ஓதப்பட்டன. ஏனையவை தேடிப் படிக்கவேண்டியவை ஆயின. தேடுவோர் குறையவே, படியெடுப்போரும் குறைந்தனர். இவ்வாறு ஒதுங்கியவற்றுள் பேரிழப்பு மெனாக்கெம் மெயிரியின் 'பேத்து அபெகீரா' என்னும் தால்முது உரையே என்பது என் கருத்து.

மெயிரி 1249இல் பெர்ப்பிஞானில் பிறந்தவர். 1276 முதல் அந்நகர் மயோர்க்கா அரசுக்கு உட்பட்டிருந்ததால், 1306இல் பிரான்சு மன்னர் யூதரை நாடுகடத்திய ஆணை அதைத் தீண்டவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் நார்போன், பெசியே முதலிய ஊர்களில் இருந்த கல்விக்கூடங்கள் கலைந்தன. அவர் நூலை முதலில் படித்துப் பரப்பியிருக்கக்கூடியவர்கள் அங்கேதான் இருந்தனர். நூலின் அளவும் அதற்குப் பகையாயிற்று. தால்முதின் முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு, ஒவ்வொரு வாதத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை விரித்துச் செல்லும் உரையைப் படியெடுக்க எத்தனை தாள், எத்தனை கூலி! விவிலியத்தின் நீதிமொழிகள் நூலுக்கு அவர் எழுதிய சிற்றுரை 1492இலேயே போர்த்துகலின் லெயிரியாவில் அச்சேறியது. சட்ட உரையோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அம்சுதர்தாம், லிவோர்னோ, சலோனிக்கா ஆகிய நகரங்களில் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது.

எஞ்சியவை பார்மாவில் இருந்தன. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கீழைமொழிப் பேராசிரியராக விளங்கிய சோவான்னி பெர்னார்தோ தெ ரோசி என்னும் கத்தோலிக்கக் குரு, எபிரேயக் கையெழுத்துப்படிகளை ஆயிரத்துக்கு மேல் திரட்டினார். 1816இல் அத்தொகுப்பைக் கோமகள் மரிய லூயிசா விலைக்கு வாங்கிப் பலத்தீனா நூலகத்தில் சேர்த்தார். மெயிரியின் உரையை ஏறத்தாழ முழுமையாகக் காக்கும் படித்தொகுதிகள் அவற்றுள் அடங்கும். ஆபிரகாம் சோபர் என்னும் பதிப்பாசிரியர் 1930 வாக்கில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உழைத்து அவற்றுள் பலவற்றை அச்சுக்குக் கொணர்ந்தார்.

பல பகுதிகளுக்கு ஒப்புநோக்க வேறு படியே இல்லை. பாட ஆய்வியலில் இதைவிட இடர்மிக்க நிலை குறைவு. 'சிலர் இவ்வாறு உரைப்பர்' என்ற தொடர் மெயிரியிடம் அடிக்கடி வரும். ஒரே பத்தியில் அது இருமுறை வருகிறது என்று கொள்வோம். படியெடுப்பவர் முதல் தொடரை எழுதிவிட்டு மீண்டும் மூலத்தை நோக்கும்போது, கண் இரண்டாம் தொடரில் போய் அமர்ந்துவிடும்; இடைப்பட்ட வரிகள் தடமின்றி மறையும். இரண்டு படிகள் இருந்தால் விடுபாடு உடனே வெளிப்படும். ஒன்றே இருந்தால், வாதம் ஏன் நொண்டுகிறது என்று பதிப்பாசிரியர் தம் அறிவாலேயே உய்த்துணர வேண்டும். எழுத்து மயக்கமும் உண்டு: எபிரேயத் தாலெத்தையும் ரேசையும் பிரித்துக் காட்டுவது வலப்புற மேல்மூலையில் உள்ள சிறு முனைப்பு ஒன்றே. இத்தகைய பிழைகளின் தீமையை மெயிரி நன்கறிந்தவர். தோரா என்னும் யூதத் திருமறையின் சுருளைப் பிழையற எழுதும் நெறிகளுக்கென்றே 'கிரியத்து சேபர்' என்னும் நூலை 1306இல் முடித்தவர் அவர்!

முன்னோரைப் பெயர் சுட்டாமல் பட்டத்தால் குறிப்பது அவர் வழக்கம். இராசி 'ஆசான்களுள் பெரியோர்'. மைமோனிதீசு 'நூலாசிரியர்களுள் பெரியோர்'. எந்தப் பட்டம் எவருக்கு என்று அறியாதவருக்கு உரை பாதி மூடியே கிடக்கும்.

இவ்வாறு வெளிவந்த உரையைச் சட்ட முடிவுக்குக் கொள்ளலாமா? 'கசோன் ஈசு' என அறியப்பட்ட ஆபிரகாம் கரெலிட்சு (1878–1953) தயங்கினார். வழிவழியாக ஓதப்படும் நூலின் பிழைகளை ஒவ்வொரு தலைமுறையும் திருத்துகிறது. நூலகத்தில் உறங்கிய படிக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை என்பது அத்தயக்கத்தின் உட்கிடை. இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலாது. ஒற்றைப்படியின் நம்பகம் பற்றிப் பாட ஆய்வாளர் எழுப்பும் வினாவும் இதுவே.

ஆயினும் எல்லா ஐயமும் ஒரே எடை உடையதன்று. சமய ஒழுக்கத்தால் நெறிப்பட்ட பிற மக்களைப் பழைய சிலைவணக்கத்தாரோடு சேர்த்து எண்ணலாகாது என்ற மெயிரியின் கொள்கை, பின்னாளில் எவரோ நுழைத்தது என்று சொல்வாரும் உண்டு. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பெசலேல் அசுகெனாசி, பாபா கம்மா பகுதிக்கான தம் உரைத்தொகுப்பில் அக்கொள்கையை மெயிரியின் சொற்களிலேயே எடுத்தாண்டிருக்கிறார். அத்தொகுப்பு 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டது. சோபர் பார்மாப் படிகளைத் தொடுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே.