கொம்பு பிரிந்த செல்லம்மா

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இது நடந்தது. பாட்டி சொல்லச் சொல்ல, எங்கள் குடும்பத்தார் பெயர்களை நான்கு தலைமுறைக்குப் பட்டியலாக்கிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டைகளில் எல்லாப் பெயரும் ரோமன் எழுத்தில்தான். தமிழில் அவை இருப்பது பாட்டியின் நினைவில் மட்டுமே.

வேலைப் பழக்கத்தில், கைப்பேசியின் டெர்மினல் செயலியிலேயே தட்டச்சு செய்தேன். ‘செல்லம்மா’ என்று அடித்தால், கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவைக் குறை சொல்லி, நோட்டோ சான்ஸ் தமிழைப் பதிவிறக்கி மாற்றினேன். எழுத்து அழகானது, கொம்பு நகரவில்லை. கடைசியில் கொம்பை அழித்து, ‘ச’வுக்கு முன்னால் போட்டேன். திரையில் சரியாகத் தெரிந்தது.

அந்தக் கோப்பைச் சாதாரணக் குறிப்புச் செயலியில் திறந்து காட்டியபோது பாட்டி கேட்டார்: “யாருய்யா இது, சல்லம்மா?” கொம்பு தனியாக அநாதையாய் நின்றது. பாட்டியின் அம்மா பெயரையே கெடுத்துவிட்டேன்!

காரணம் பிறகுதான் புரிந்தது. டெர்மினல் திரை, தட்டச்சுப்பொறி வழி வந்த கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவுக் கட்டம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமா? மேலும், யூனிகோடு முறையில் ‘செ’ என்பது முதலில் ‘ச’, அடுத்து கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் காட்டுவது திரையின் வேலை. இரண்டையும் வெவ்வேறு கட்டத்தில் வைத்தால் அந்த வேலை நடக்காது. எந்த எழுத்துருவும் அதைத் தனியே சரிசெய்துவிடாது.

நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். 2005இல் ‘செல்லினம்’ கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. இன்று நாம் யோசிக்காமல் தமிழில் செய்தி அனுப்புகிறோம். டெர்மினல் போன்ற மூலைகளில் மட்டும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆகவே, டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிந்தால் பதறாதீர்கள். கை வைத்துத் ‘திருத்தவும்’ வேண்டாம். உடைந்தது காட்சிதான், கோப்பில் உள்ள எழுத்து பத்திரமாகவே இருக்கும். தமிழ்ப் பெயர்களை வேறு செயலியில் எழுதுங்கள். வரிசைப்படுத்தவும் நகலெடுத்து வைக்கவும் டெர்மினலைப் பயன்படுத்துங்கள்.

செல்லம்மாவை மறுபடி அடித்தேன். பாட்டி கண்ணாடியைப் போட்டு, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பெயரைச் சொன்னார்.