திண்டுக்கல் வட்டாரப் புலம்பெயர்ந்தோரின் மூதாதையர் தேடல்

திண்டுக்கல் வட்டாரப் புலம்பெயர்ந்தோரின் மூதாதையர் தேடல் என்பது, 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களையும் விட்டு இலங்கைக்கும் பிற பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கும் தொழிலாளராகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள், தமது முன்னோரின் ஊரையும் குடும்பத்தையும் கண்டறிய மேற்கொள்ளும் முயற்சியைக் குறிக்கும். கப்பற் பட்டியல்கள், தோட்டப் பதிவுகள், கோயில் பதிவேடுகள், நில ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. வட அமெரிக்காவில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஒல்லாந்தரின் வழிவந்தோர் நடத்தும் தேடலுடன் இது சில வகைகளில் ஒப்பிடத்தக்கது.

பின்னணி

பழனி மலைக்கும் சிறுமலைக்கும் அருகே அமைந்த திண்டுக்கல் சமவெளி, கிணறுகளையும் கண்மாய்களையும் நம்பிய புன்செய் நிலப்பகுதியாகும். மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த இப்பகுதி, 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் இது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக நிருவகிக்கப்பட்டது.

1830களில் இருந்து இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அவற்றுக்குத் தேவையான தொழிலாளர் தென் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் திரட்டப்பட்டனர். தொடக்க காலத்தில் இவர்கள் இராமேசுவரம் சென்று, கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி செல்லும் தொடர்வண்டிப் பாதை 1875-76 இல் திறக்கப்பட்டது. அதே 1876 இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. அது 1878 வரை நீடித்தது. ஊரில் பிழைக்க வழியற்ற நிலையும், ஊரை விட்டு வெளியேறுவதற்கான புதிய வழியும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்ந்தன எனலாம். 1914 இல் தனுசுக்கோடி - தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கிய பின்னர் பயணம் மேலும் எளிதாயிற்று.

கப்பற் பட்டியல்கள்

ஒப்பந்தக் கூலிமுறையின் கீழ் சென்றவர்களுக்குத் தனிநபர் பதிவுகள் உள்ளன. நட்டாலுக்கு முதலாவது குழுவினரை ஏற்றிச் சென்ற துரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் நட்டாலில் இறங்கினர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன பதியப்பட்டன. இப்பட்டியல்களின் தொகுப்பு குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் உள்ளது.

மொரிசியசு நாட்டில் 1834 முதல் வந்தோரின் பதிவுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. 1860களில் இருந்து தொழிலாளரின் ஒளிப்படங்களும் இவற்றுடன் சேர்க்கப்பட்டமை இத்தொகுதியின் சிறப்பாகும். பிஜித் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து ஆள் அனுப்புவது 1903 இல் தொடங்கி 1916 இல் முடிவுற்றது. பிஜிக்குச் சென்றோரின் அனுமதிச் சீட்டில் நெருங்கிய உறவினர் பெயரும் காணப்படும். ஒரே பெயருடைய பலருள் ஒருவரைப் பிரித்தறிய இது பெரிதும் உதவுகின்றது.

மலாயாவுக்குக் கங்காணி வழியாகச் சென்றோர் நிலை வேறு. அவர்களுக்கு இத்தகைய விரிவான தனிநபர் பட்டியல்கள் குறைவு.

"மதுரை" என்னும் சொல் தரும் சிக்கல்

வெளிநாட்டு ஆவணத்தில் "மதுரா" என்று மாவட்டப் பெயரைக் காணும் வழித்தோன்றல்கள் மதுரை நகருக்கு வந்து தேடுவதுண்டு. இது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும் வரை, இராமநாதபுரம், சிவகங்கை சமீன்களும் மதுரை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. இன்றைய தேனி மாவட்டமும் அதனுள் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15 அன்றுதான். ஆகவே 1880 ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் காணப்படும் "மதுரா" என்ற சொல், கொடைக்கானல் மலையடிவாரம் முதல் இராமேசுவரம் கடற்கரை வரையுள்ள எந்த ஊரையும் குறிக்கலாம்.

இக்காரணத்தால் மாவட்டப் பெயரைக் காட்டிலும் வட்டத்தின் பெயரே முதன்மையான தடயமாகக் கொள்ளப்படுகின்றது. திண்டுக்கல், பழனி, நிலக்கோட்டை, கொடைக்கானல் ஆகிய பெயர்களுள் ஒன்று வட்டத்திற்குரிய கட்டத்தில் இருப்பின், தேடல் இன்றைய திண்டுக்கல் மாவட்ட எல்லைக்குள் பெருமளவு சுருங்கிவிடும். ஆயினும் வட்டங்களும் பிரிக்கப்பட்டுள்ளன. வேடசந்தூர் இன்று தனி வட்டம்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது திண்டுக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊராகும். ஆத்தூரும் அவ்வாறே. வத்தலக்குண்டு நிலக்கோட்டை வட்டத்தில் தேடப்பட வேண்டும்.

ஊர்ப்பெயர்களை எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினர். வத்தலக்குண்டு "பட்லகுண்டு" என்றும், பழனி "பல்னி", "புல்னி" என்றும் வழங்கின. இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் தொடர்வண்டி நிலையம் முன்னர் அம்மையநாயக்கனூர் என்ற பெயரைக் கொண்டிருந்தது. "பட்டி" என முடியும் ஊர்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. புதுப்பட்டி போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகின்றன. மேலும், கப்பலேறியவர் தாம் வாழ்ந்த உட்கடைச் சிற்றூரின் பெயரைச் சொல்லியிருப்பார். அரசு வரைபடத்திலோ அச்சிற்றூர் அடங்கிய வருவாய்க் கிராமத்தின் பெயர் மட்டுமே இருக்கும். வரைபடத்தில் பெயர் இல்லை என்பதால் ஊரே இல்லை எனக் கருதுவது தேடுவோர் செய்யும் பொதுவான பிழையாகும்.

பெயர்களும் ஒல்லாந்தரின் ஒப்புமையும்

தமிழரிடையே நிலையான குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் அல்லது அதன் முதலெழுத்து மகனின் பெயருக்கு முன் நிற்கும்; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். நியூ நெதர்லாந்து என அழைக்கப்பட்ட குடியேற்றத்தில், அதாவது இன்றைய நியூயார்க் பகுதியில், வாழ்ந்த ஒல்லாந்தரிடையேயும் இத்தகைய வழக்கமே பரவலாக இருந்தது. யான் என்பவரின் மகன் பீட்டர், "பீட்டர் யான்சு" என அறியப்பட்டார். அவருடைய மகன் "பீட்டர்சு" ஆனார். சிலர் "வான்" என்ற சொல்லுடன் தம் பூர்வீக ஊரின் பெயரைச் சேர்த்துக்கொண்டனர். 1664 இல் ஆங்கிலேயர் அப்பகுதியைக் கைப்பற்றிய பின்னரே நிலையான குடும்பப்பெயர்கள் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன. நட்டாலிலும் இதனையொத்த மாற்றம் நிகழ்ந்தது. கப்பலேறியவரின் ஒற்றைப் பெயரோ, அவருடைய தந்தை பெயரோ, சாதிப்பட்டமோ பிற்காலத்தில் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி ஆகியன அங்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் திரிந்து குடும்பப்பெயர்களாக நிற்கின்றன.

பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடும் வழக்கமும் இரு மக்களிடமும் காணப்படுகின்றது. இது ஆய்வாளருக்குக் கைகொடுப்பதும் உண்டு, குழப்புவதும் உண்டு. ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்ப வருவதால் இது எக்குடும்பம் என ஊகிக்க முடிகின்றது. ஆனால் ஆவணத்தில் உள்ளவர் தாத்தாவா பேரனா என்பதை ஆண்டைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகின்றது. நியூ ஆம்சுடர்டாம் சீர்திருத்தச் சபையில் 1639 முதல் ஞானத்தானப் பதிவுகள் உள்ளன. சாட்சிகளாக நின்ற உறவினர் பெயர்களும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. 1911 ஆம் ஆண்டுத் தீவிபத்தில் சேதமுற்ற போதிலும் எஞ்சிய ஒல்லாந்த மொழி ஆவணங்களை மொழிபெயர்க்க 1974 முதல் அல்பனி நகரில் ஒரு தனித்திட்டம் நடைபெற்று வந்துள்ளது. ஒல்லாந்தக் குடியேறிகளுள் பலர் நிலமும் வணிகமும் உடையவர்களாயிருந்ததால் பத்திரங்களிலும் வழக்குகளிலும் இடம்பெற்றனர். திண்டுக்கல் சமவெளியிலிருந்து சென்றவர்களுள் பலர் நிலமற்ற கூலிகள். பெரும்பாலானோரைப் பொறுத்தவரை, அரசு அவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்த முதல் தாள் அவர்கள் ஊரை விட்டு நீங்கியபோது எழுதப்பட்ட தாளேயாகும்.

இலங்கை: துண்டு, தகரச்சீட்டு, குடியுரிமை

மிகப் பெரும் எண்ணிக்கையினர் சென்ற இலங்கைக்கே தனிநபர் ஆவணங்கள் குறைவாக உள்ளன. அங்கு நீண்டகால ஒப்பந்தம் எழுதப்படாமல், கங்காணி கொடுத்த முன்பணக் கடனே தொழிலாளியைப் பிணைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடன் தொகையைக் குறித்து வழங்கப்பட்ட சீட்டு "துண்டு" எனப்பட்டது. இம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான "தகரச்சீட்டு", தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறிக்கப்பட்ட சிறு உலோகத் தகடாகும். அது தொழிலாளி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் காட்டியதேயன்றி, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைக் காட்டவில்லை.

இதன் விளைவு 1948 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் வம்சாவளிக் குடியுரிமை பெறத் தமது தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என நிறுவ வேண்டும் என்றது. தோட்ட லயங்களில் பிறந்த தலைமுறைகளுக்குப் பிறப்புச் சான்று பெரும்பாலும் இல்லை. மலையகத் தமிழர் பெருந்தொகையாக நாடற்றோர் ஆயினர். மூதாதையர் பற்றிய ஆவணம் பொழுதுபோக்கான ஆர்வமாக அல்லாமல், ஒரு மக்கள் கூட்டத்தின் சட்ட நிலையையே முடிவு செய்த நிகழ்வு இதுவாகும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாத்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராயினர். எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் நிலைமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வு கண்டது.

தாயகம் திரும்பியோர் தமிழ்நாட்டின் பல இடங்களில் குடியேறினர். கொடைக்கானல் மலையிலும் அவர்களுள் ஒரு பகுதியினர் வாழ்கின்றனர். இவர்களிடமுள்ள குடும்ப அட்டை, கடவுச்சீட்டு ஆகியன இன்று பேரர்களுக்கு முதன்மைச் சான்றுகளாகின்றன. முன்னோரை நிறுவும் தேவை பிற நாடுகளில் வாழ்வோருக்கும் உண்டு. இந்தியக் கடல்கடந்த குடிமகன் அட்டை பொதுவாகக் கொள்ளுப்பேரர் தலைமுறை வரையே வழங்கப்படுகின்றது. மொரிசியசு நாட்டினருக்கு ஏழாம் தலைமுறை வரை நீட்டிப்பதாக 2024 இல் அறிவிக்கப்பட்டது. இதற்கு விண்ணப்பிப்போர் கப்பற் பட்டியலில் உள்ளவர் தம் முன்னோரே எனத் தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்ட வேண்டியுள்ளது.

உள்ளூர்ச் சான்றுகள்

ஊரின் பெயர் உறுதியான பின்னர் தேடல் திண்டுக்கல் வட்டாரத்திற்குத் திரும்புகின்றது. கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவேடுகள் உள்ளன. இயேசு சபையினரின் புதிய மதுரை மிசன் 1838 இல் தொடங்கியது. அமெரிக்க மதுரை மிசன் 1835 இலேயே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. ஏனையோருக்கு இத்தகைய தொடர்ச்சியான பதிவு இல்லை. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் சென்றோருக்கு அது பயன்படாது.

நிலம் உடைய குடும்பங்களை நில அளவைப் பதிவேடுகளில் காணலாம். அம்மையநாயக்கனூர், இடையக்கோட்டை போன்ற சமீன்களில் அடங்கிய ஊர்களுக்கு, 1948 ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்திற்கு முந்தைய கணக்குகள் அரசிடம் அன்றிச் சமீன் அலுவலகங்களில் இருந்தன. ஊர்க் குடும்பங்களின் உறவுமுறைகளை நன்கறிந்திருந்தவர் பரம்பரைக் கணக்குப்பிள்ளை ஆவார். தமிழ்நாட்டில் அப்பதவி 1980 இல் ஒழிக்கப்பட்டது.

நிலமற்றோருக்குக் குலதெய்வமே பற்றுக்கோடாக உள்ளது. வெளிநாட்டில் தாய்மொழியும் ஊர்ப்பெயரும் மறந்த குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் நினைவில் நிற்பது உண்டு. ஒரே குலதெய்வத்தை வணங்குவோர் பங்காளிகள் என்பதால், அக்கோயில் எந்த ஊரில் உள்ளது என அறிவது உறவினரைக் கண்டறிவதற்கு ஏறத்தாழச் சமமாகும். மாசி மாதச் சிவராத்திரியில் பங்காளிகள் பல ஊர்களிலிருந்து கோயிலில் கூடுவர். கள ஆய்வுக்கு அதுவே ஏற்ற காலம். இவ்வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் சமூகங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதால், ஆவணத்தில் தெலுங்குப் பெயர் இருப்பதைக் கொண்டு அவர் ஆந்திரப் பகுதியினர் என முடிவு செய்தல் கூடாது.

ஊரிலுள்ள முதியோரிடம் வினவும்போது ஒரு சொல்வழக்கை நினைவிற்கொள்ள வேண்டும். இலங்கையின் தோட்டப் பகுதி முழுவதையும் "கண்டி", "கண்டிச்சீமை" எனக் குறிப்பிடுவது தென் தமிழ்நாட்டு வழக்கம். "கண்டிக்குப் போனவர்" எனச் சொல்லப்படுபவர் ஊவாவிலோ நுவரெலியாவிலோ வாழ்ந்திருக்கலாம். அவ்வாறான ஒருவரைக் கண்டி மாவட்டத் தோட்டங்களில் மட்டும் தேடுவது, "மதுரா" எனப் பதியப்பட்டவரை மதுரை நகரில் தேடுவதைப் போன்றதாகும்.