காணித் தரகும் ஊர் நம்பிக்கையும்

கடையில் வாங்கிய சாமான் பிழைத்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். காணி பிழைத்தால் வாங்கியவர் கோடேற வேண்டியதுதான். ஆகவே காணித் தரகில் முதலில் ஆளை விசாரித்துவிட்டுத்தான் காணியை விசாரிக்கிறார்கள்.

பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்பவர், நம்ம ஊரார் என்ற அறிமுகம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும். ஆனால் அந்த அறிமுகத்தின் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. உறுதி யார் பெயரில், ஈடு உண்டா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். உரிமையாளர் மௌத்தாகிவிட்டால் பிள்ளைகள் எத்தனை பேர், கட்டிக்கொடுத்த ராத்தா எங்கே என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இராது. தெருவுக்குத்தான் தெரியும்.

24 பேர்ச் வளவொன்றை எடுத்துக்கொள்வோம். வாப்பா மரண சாசனம் எழுதாமல் மௌத்து. அவருடைய பெற்றோரும் முன்பே மௌத்து. இருப்பவர்கள் மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். 1931இன் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமது ஷரீஅத் பங்கையே ஏற்கிறது. கணக்குப் பார்த்தால் மனைவிக்கு 3 பேர்ச், மகன்மாருக்கு ஏழு ஏழு, மகள்மாருக்கு மூன்றரை மூன்றரை. மகன்மார் இருவரும் விலைபேச வந்தால் அவர்களுக்கு உரியது 14 பேர்ச்தான், அதுவும் பிரிபடாத பங்கு. மீதிப் 10 பேர்ச்சுக்கும் சேர்த்து அட்வான்ஸ் வாங்கிக் கொடுக்கும் தரகர், வாங்குபவரைப் பிரிவினை வழக்குக்கு அனுப்பிவைக்கிறார். அது எத்தனை வருடம் இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

“தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டா” என்பார்கள். 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்க வேண்டும். தங்கச்சி கட்டாரில் இருந்தால் அவவின் அற்றோணித் தத்துவம் வந்தாக வேண்டும்.

இங்கேதான் ஊர் உறவு நாக்கைக் கட்டுகிறது. விற்பவர் கூட்டாளியின் மச்சான். வாங்குபவரிடம் உள்ளதைச் சொன்னால் “நம்மாளே வியாபாரத்தைக் கெடுத்தான்” என்ற பேச்சு வரும். நூற்றுக்கு 3 என்ற தரகும் போய்விடலாம். (இரண்டு பக்கமும் தரகு வாங்குபவர்கள் அதை இரு பக்கத்துக்கும் சொல்வதில்லை, அது வேறு கதை.) இருந்தாலும் அட்வான்ஸ் கைமாறுமுன், விற்பவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடுவதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். பின்னால் போய்ச் சொன்னால் கோள் மூட்டியதாகிவிடும். முன்னால் சொன்னால், தங்கச்சியிடம் கையொப்பம் வாங்கித் தரும் வேலையும் அநேகமாக அதே தரகரிடம்தான் வரும்.