வீட்டுத் தொட்டியில் செல்லக்காசு மீன் குஞ்சு எடுக்கும் முறை

அழகு மீன் வளர்ப்பைத் தொடங்க விரும்பும் சிறு விவசாயிகள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் கிணற்றுத் தண்ணீரை. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த குட்டை இன சிக்லிட் மீன்கள் பலவும் மென்னீரில்தான் நன்கு குஞ்சு பொரிக்கும். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத கடின நீரில் அவற்றை இனப்பெருக்கம் செய்வது சிரமம். அதே குடும்பத்தைச் சேர்ந்த செல்லக்காசு மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு, குளம், கழிமுகங்களில் வாழும் மீன். கடின நீரையும், சற்று உப்பு கலந்த நீரையும் தாங்கும். சுமார் 3 அங்குலம் வளரும். பொன்னிற வகையை அழகு மீன் பிரியர்கள் விரும்பி வாங்குகின்றனர். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் இதன் உறவே.

தொட்டி அமைப்பு

ஒரு ஜோடிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். கழுவிய ஆற்று மணலை 2 அங்குலம் பரப்பி, தட்டையான கல் அல்லது ஓட்டுத் துண்டு வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து பின் ஊற்றலாம். 10 லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் கல் உப்பு சேர்த்தால் முட்டையில் பூஞ்சணம் குறையும். காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டி நல்லது. மற்ற வடிகட்டிகள் குஞ்சுகளை இழுத்துவிடும்.

ஜோடி சேர்த்தல்

இம்மீனில் ஆண், பெண் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 6 அல்லது 8 இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து, அவை தாமே ஜோடி சேர விடுவதே சிறந்தது. ஜோடி சேர்ந்தவை ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அப்போது அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கொசுப்புழு, தண்ணீர்ப்பூச்சி, வேகவைத்த கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

முட்டையும் காவலும்

கல்லைச் சுத்தம் செய்து 200 முட்டைகள் வரை ஒட்டும். இரு மீன்களும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். வெளுத்துப்போன முட்டைகளை அவை பொறுக்கித் தின்னும். இதைக் கண்டு, முட்டைகளையெல்லாம் தின்றுவிடும் என்று பயந்து பெற்றோரைப் பிரிப்பது தவறு. கெட்ட முட்டையை நீக்காவிட்டால் பூஞ்சணம் நல்ல முட்டைக்கும் பரவும். முதல் ஈட்டில் முழுவதையும் தின்றுவிட்டாலும் ஜோடியைக் கழிக்காமல் அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்கலாம். தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி மறைத்தால் மீன்கள் மிரளாது.

சுமார் 5 நாளில் முட்டை பொரியும். பெற்றோர் மணலில் குழி தோண்டி, குஞ்சுகளை வாயால் கவ்வி அதில் கொண்டு வைக்கும். மேலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

குஞ்சு வளர்ப்பு

நீந்தும் குஞ்சுகள் தாய், தந்தை மீன்களின் பக்கவாட்டில் மோதி மோதி, உடலில் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். செல்லக்காசின் சிறப்புகளில் ஒன்று இது. குஞ்சுகளைப் பிரித்தால் இவ்வுணவு கிடைக்காமல் போகும். ஆனால் இது மட்டும் போதாது. வாழைப்பழத் தோலைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்தால் தோன்றும் நுண்ணுயிர்களை முதலிலும், பொரித்த ஆர்ட்டீமியாவைப் பின்பும் தினம் சில வேளை கொடுக்க வேண்டும். மிஞ்சிய தீனியை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுவது அவசியம். ஜோடி மறுபடி முட்டையிட முனைந்து குஞ்சுகளை விரட்டினால் உடனே குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

விற்பனை

தொட்டிகளைப் பெருக்குமுன் வாங்குவோர் யார் என்று உறுதி செய்துகொள்வது நல்லது. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் உள்ள வியாபாரிகளிடம் எந்த அளவு மீன், எவ்வளவு தேவை, என்ன விலை என்று கேட்டறிந்து, ஒரே ஒரு ஜோடியுடன் தொடங்கினால் இழப்புக்கு இடமிராது. விற்காத மீனைக் கிணற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது. தொட்டி மீனின் நோய் ஏரி மீனுக்கும் தொற்றிவிடும்.